பப்பாளியைக் காப்பாற்றிய பொடிக்குளவி... அதற்குப் பெயர் வைத்த கதை!

ஜன்னல் மூலையில் மண்குளவி கூடு கட்டியிருந்தால், வீட்டுப் பெரியவர்கள் அதைக் கலைக்க விடமாட்டார்கள். 'குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பொறக்கும்' என்பார்கள். அந்தக் கூட்டுக்குள் குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, 'புழு எதுக்கு பாட்டி?' என்று கேட்டால், 'அதைக் கொட்டிக் கொட்டியே தன்னை மாதிரி குளவியா மாத்திடும்' என்று பதில் வரும்.

பாட்டி கண்ணால் பார்த்தது சரிதான். கூட்டுக்குள் போனது புழு, சில நாள் கழித்து வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்தது மட்டும் வேறு. குளவி அந்தப் புழுவைக் கொட்டி அசையவிடாமல் செய்து, தன் முட்டை இருக்கும் அறையில் வைத்து மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிப் புழுவுக்கு அதுதான் சாப்பாடு.

இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யும் குளவிகள் இருக்கின்றன. அவை கூடு கட்டுவதில்லை. இரையைத் தூக்கிச் செல்வதும் இல்லை. இன்னொரு பூச்சியின் உடம்பிலேயே முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளிருந்தே அந்தப் பூச்சியைத் தின்று வளர்ந்து, கடைசியில் அதன் தோலில் ஓட்டை போட்டு வெளியே வரும். இவற்றுக்கு ஒட்டுண்ணிக் குளவிகள் என்று பெயர். பலவும் கடுகைவிடச் சிறியவை. நம்மைக் கொட்டும் அளவுக்கு அந்தப் பொடிக்குளவிகளுக்குக் கொடுக்கும் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு குளவிதான் 2010-ல் தமிழ்நாட்டின் பப்பாளித் தோட்டங்களைக் காப்பாற்றியது. அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தக் குளவிக்கு ஒரு பெயர்கூட இல்லை என்றால் நம்புவீர்களா?

பஞ்சு ஒட்டியதுபோல ஒரு பூச்சி

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது நினைவிருக்கும். பப்பாளி மரத்தின் தண்டு, இலையின் அடிப்பக்கம், காய் என்று எங்கு பார்த்தாலும் பஞ்சை ஒட்டி வைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். சுற்றிலும் எறும்பு. சில வாரங்களில் இலை சுருண்டு, காய் வெம்பி, மரமே பட்டுப்போகும்.

அதுதான் பப்பாளி மாவுப்பூச்சி. இந்தியாவில் முதன்முதலாக 2008 ஜூலையில் கோவையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர்தான் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்திரி, செம்பருத்தி, தேக்கு, வேலியோரப் பார்த்தீனியம் என்று 60-க்கும் மேற்பட்ட செடிகளில் அது வாழும். ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 முட்டைகள் வரை இடும்.

மருந்து அடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. தப்பித்த சில பூச்சிகள் மறுபடியும் பெருகின. அவற்றைத் தின்னும் பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகள்தான் மருந்தில் செத்தன. மல்பெரி விவசாயிகள் பாடு இன்னும் மோசம். இலையில் மருந்து அடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே இருக்காது. மரங்களை வேரோடு பிடுங்கி எரித்தவர்களும் உண்டு.

சொந்த ஊரில் மட்டும் சாது

இந்த மாவுப்பூச்சியின் பிறந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1955-லேயே மெக்சிகோவில் இதைச் சேகரித்திருந்தார்கள். ஆனாலும் 1992-ல்தான் வில்லியம்ஸ், கிரானாரா டி வில்லிங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் தனி இனமென்று விவரித்து, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். 37 ஆண்டுகள் யாரும் அவசரப்படாததற்குக் காரணம் எளிது. சொந்த ஊரில் அது யாருக்கும் பெரிய தொல்லையாக இருக்கவில்லை.

1990-களில் அது கரீபியன் தீவுகளுக்குப் பரவியபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் வந்துவிட்டது. 'மெக்சிகோவில் சாதுவாக இருந்தது இங்கே ஏன் இப்படி ஆடுகிறது?' என்ற கேள்விக்குப் பூச்சியியலாளர்களிடம் ஒரு பதில் இருந்தது. அங்கே அதை அடக்கி வைக்க எதிரிகள் இருக்கிறார்கள். புது ஊருக்குப் பூச்சி மட்டும் வந்தது. எதிரி கூட வரவில்லை.

எனவே அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மெக்சிகோவுக்குப் போய், மாவுப்பூச்சி அப்பிய இலைகளைத் தேடினார்கள். இந்த வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இலையைப் பறித்து டப்பாவில் போட்டு, காற்று போகும்படி துணியால் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நாட்களில் மாவுப்பூச்சிகள் சில உப்பி, கெட்டியான கூடுபோல ஆகும். அவற்றில் வட்டமாக ஓட்டை விழும். வெளிச்சத்தை நோக்கி ஒரு பொடிக்குளவி ஓடிவரும்.

வந்தவற்றில் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி. புத்தகங்களில் இருந்த எந்தக் குளவியோடும் அது பொருந்தவில்லை.

பெயர் வைப்பது என்றால் சும்மாவா?

நம் வீட்டில் பெயர் வைக்க ஒரு நல்ல நாள் போதும். ஒரு குளவிக்குப் பெயர் வைக்க, முதலில் 'இது இதற்கு முன் பெயர் வைக்கப்பட்ட எதுவும் இல்லை' என்று நிரூபிக்க வேண்டும். கஷ்டமெல்லாம் அங்கேதான்.

சால்சிட் குளவிகள் என்ற பெருங்கூட்டத்தில் மட்டும் 22,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் குளவி அதில் என்சிர்ட்டிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று, குதிப்பதற்கு ஏற்ற நடுக்கால். குடும்பம் தெரிந்ததும் அடுத்து பேரினம். அதற்குள் எந்த இனம் என்று பார்க்க வேண்டும். ஊர், தெரு, கதவு எண் என்று முகவரி தேடுவதுபோலத்தான்.

குளவியை ஆல்கஹாலில் போட்டுப் பதப்படுத்துவார்கள். ஒன்றிரண்டை அப்படியே உலர்த்தி ஒட்டுவார்கள். இன்னும் சிலவற்றின் இறக்கை, கால், உணர்கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, கண்ணாடி வில்லையில் பிசின் ஊற்றிப் பதிப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் உடம்பை ஊசி முனையால் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவதும் அளப்பதும்தான் வேலை. உணர்கொம்பில் எத்தனை கணு? எந்தக் கணு நீளம், எது அகலம்? இறக்கை நரம்பு எங்கே முடிகிறது? முட்டையிடும் ஊசி எவ்வளவு நீளம்? இத்தனையையும் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய மாதிரிகளோடும், பல நாடுகளில் பல மொழிகளில் வெளிவந்த பழைய கட்டுரைகளோடும் ஒப்பிட வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு? ஒரு உதாரணம் சொன்னால் புரியும். மாவுப்பூச்சியிலிருந்து வெளியே வரும் குளவி எல்லாமே மாவுப்பூச்சியின் எதிரி என்று சொல்லிவிட முடியாது. சில குளவிகள், மாவுப்பூச்சிக்குள் வளரும் நல்ல குளவியைத் தின்று வளர்பவை. அதாவது, நம் நண்பனின் எதிரி. இரண்டும் ஒரே டப்பாவில், ஒரே மாதிரி ஓட்டையிலிருந்து வெளியே வரும். ஆளை மாற்றி வளர்த்து வயலில் விட்டால், பூச்சிக்கு நாமே பாதுகாப்புப் படை அனுப்பியதுபோல ஆகிவிடும்.

இந்தக் குளவியை ஆராய்ந்தவர்கள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜான் நோய்ஸ், அமெரிக்க வேளாண் துறையின் மைக்கேல் ஷாஃப் இருவரும். 2003-ல் வாஷிங்டன் பூச்சியியல் சங்கத்தின் ஆய்விதழில் இதற்குப் பெயர் வைத்தார்கள்: அசிரோபேகஸ் பப்பாயே. முதல் சொல் பேரினத்தின் பெயர். நாம் இனிஷியலை முன்னால் போட்டு எழுதுகிறோமே, அதுபோல. இரண்டாவது சொல்தான் அதற்கே உரிய பெயர். 'பப்பாயே' என்றால் லத்தீனில் 'பப்பாளியினுடைய' என்று பொருள். அதே கட்டுரையில், மாவுப்பூச்சியைத் தாக்கும் இன்னொரு புதிய குளவிக்கும் சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா என்று பெயர் கிடைத்தது.

பெயரோடு விஷயம் முடியவில்லை. விவரிப்புக்குப் பயன்பட்ட குளவிகளில் ஒன்றை, 'இனி இந்தப் பெயர் என்றால் இதுதான்' என்று தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். ஹோலோடைப் என்று அதைச் சொல்வார்கள். வழக்கமாகச் சிவப்பு லேபிள் போட்டிருக்கும். கடைக்காரர் எடைக்கல்லில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லோடு ஒப்பிடுவது மாதிரி, நூறு வருஷம் கழித்து யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு குளவியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பெயர் தப்பினால் பட்டினி

'பெயர் கொஞ்சம் மாறினால் என்ன குடி முழுகிவிடும்?' என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

தென் அமெரிக்காவிலிருந்து போன மரவள்ளி, ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் அன்றாடச் சாப்பாடு. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் ஒரு மாவுப்பூச்சி அதில் புகுந்தது. சில இடங்களில் விளைச்சலில் 80 சதவிகிதம் வரை போனது. 1977-ல் அதற்கு ஃபெனகாக்கஸ் மானிஹோட்டி என்று பெயர் வைத்தார்கள்.

அதன் எதிரியைத் தேடி ஆய்வாளர்கள் மத்திய அமெரிக்காவிலும், தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் அலைந்தார்கள். அங்கே மரவள்ளியில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் மீது வளர்ந்த குளவிகளைப் பிடித்து ஆப்பிரிக்கப் பூச்சியின் மீது விட்டுப் பார்த்தார்கள். குளவிகள் அதில் பெருகவில்லை. ஊன்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது வேறு பூச்சி. ஆப்பிரிக்கப் பூச்சி இளஞ்சிவப்பு, ஆணே இல்லாமல் பெருகும். இதுவோ மஞ்சள் நிறம், இதில் ஆணும் உண்டு. 1981-ல் அதற்கு ஃபெனகாக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப்பெயர் வைக்கப்பட்டது. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. மரவள்ளியை நம்பியிருந்தவர்களுக்கு அவை பஞ்ச ஆண்டுகள்.

தேடல் தெற்கே திரும்பியது. 1981-ல் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தார் டோனி பெல்லோட்டி என்ற ஆய்வாளர். அதன் எதிரியும் அங்கேயே இருந்தது. அந்தக் குளவியை அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சான்டிஸ் 1964-லேயே விவரித்துப் பெயர் வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. இன்று அதன் பெயர் அனாகைரஸ் லோபெஸி. எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்த விவரம், 17 ஆண்டுகள் கழித்து ஒரு கண்டத்துக்கே கைகொடுத்தது. அதே 1981-ல் நைஜீரியாவில் அந்தக் குளவியைப் பறக்கவிட ஆரம்பித்தார்கள். பிறகு பல ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பினார்கள். பூச்சி அடங்கியது. இந்தப் பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெர்ரெனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஒரு குளவியா, 36 குளவிகளா?

கண்ணுக்கு ஒரே மாதிரி இருப்பது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா நாட்டில், குவானகாஸ்டே வனப்பகுதியில் பல ஆண்டுகளாகக் கம்பளிப்புழுக்களைச் சேகரித்து வளர்க்கிறார்கள். எந்தப் புழுவிலிருந்து எந்தக் குளவி வருகிறது என்று குறித்து வைக்கிறார்கள்.

அங்கே கறுப்பு உடம்பும் இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளியும் கொண்ட ஒரு குளவி இருந்தது. 32 வகைப் புழுக்களைத் தாக்கும் ஒரே இனம் என்று அதை நினைத்திருந்தார்கள். 2008-ல் வெளிவந்த ஆய்வில் அதன் மரபணுவைப் பரிசோதித்தபோது, அது ஒன்றல்ல, 36 இனங்களாக இருக்கலாம் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வகைப் புழுக்களை மட்டுமே தாக்குகிறது. மரபணு சொன்ன பிறகு திரும்பப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முன்பு கண்ணில் படாத சின்னச் சின்ன வித்தியாசங்கள் பலவற்றில் தெரிந்தன.

அதனால் இன்று ஒரு குளவியைப் புதிய இனம் என்று சொல்ல உருவம், மரபணு, அது எந்தப் பூச்சியில் வளர்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். குளவிகள் இவ்வளவு கறாராக இருப்பது நமக்கு நல்லதுதான். ஒரே ஒரு பூச்சியை மட்டும் தேடிப்போகும் குளவியை வயலில் விட்டால், அது தேனீயையோ பட்டுப்புழுவையோ தொடாது.

கோவைக்கு வந்த விருந்தாளி

இனி நம் ஊருக்கு வருவோம். 2008-ல் கோவையில் மாவுப்பூச்சி வந்தபோது, இந்திய ஆய்வாளர்கள் காடு காடாக அலைந்து எதிரியைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. பூச்சிக்கு 1992-லேயே பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தேடினாலே அதன் எதிரிகள் யார் என்பதும், போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் குடியரசு போன்ற இடங்களில் அவற்றை விட்டபோது பூச்சி எப்படிக் குறைந்தது என்பதும் தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பூச்சியை இங்கே கொண்டுவர அரசு அனுமதி வேண்டும். இன்னதென்று பெயர் சொல்ல முடியாத ஒன்றை யாரும் லேசில் உள்ளே விடமாட்டார்கள்.

2010 ஜூலையில், பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் இரண்டு, 2003-ல் பெயர் பெற்ற அதே இரண்டு குளவிகள். தனிமைக்கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து தோட்டங்களில் விட ஆரம்பித்தது.

மூன்றில் பப்பாயே குளவிதான் நம் ஊர் வெயிலையும் மண்ணையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. முட்டையிலிருந்து முழுக் குளவியாக அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் போதும். யாரும் திரும்பத் திரும்ப வாங்கி விட வேண்டியதில்லை. தானே பெருகி, தானே அடுத்த தோட்டத்துக்குப் போனது. சில மாதங்களில் வெள்ளை மறைய ஆரம்பித்தது. இதனால் இந்தியாவுக்கு 5 ஆண்டுகளில் கிடைத்த பலன் 50 கோடி டாலருக்கும் மேல் என்று 2014-ல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

டி சான்டிஸின் குளவியும் நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதை தெரியுமா? ஆப்பிரிக்காவை ஆட்டிவைத்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டது. அப்படியே சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் நாம் வாங்கும் ஜவ்வரிசி, அந்தப் பக்கத்துக் குச்சிக்கிழங்கிலிருந்து வருவதுதான். இந்த முறை யாரும் வழி தவறவில்லை. பெனின் நாட்டிலிருந்து லோபெஸி குளவி வரவழைக்கப்பட்டு, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது. ஆப்பிரிக்கா ஆண்டுக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்த விடை நமக்குக் கையில் தயாராக இருந்தது.

உங்கள் வீட்டுச் செம்பருத்தியில்...

அடுத்த முறை மொட்டை மாடிச் செம்பருத்தியிலோ கொய்யாவிலோ மாவுப்பூச்சியைப் பார்த்தால், உடனே மருந்து டப்பாவைத் தேடாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புகள் மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பைக் குடிப்பதற்காக, அதை எதிரிகளிடமிருந்து பாதுகாக்கும்.

கழுவுவதற்கு முன் ஓர் இலையை மட்டும் பறித்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தினமும் பார்க்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். உப்பிப்போன மாவுப்பூச்சியில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால், பாட்டிலின் மேல்பக்கத்தில் ஒரு புள்ளி நகர்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அது அசிரோபேகஸ் பப்பாயேவாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். பொடிக்குளவிகளில் பெயர் வைத்தவற்றைவிட வைக்காதவையே அதிகம் என்பதால், இன்னும் யாருமே பெயர் வைக்காத ஒன்றாகக்கூட இருக்கலாம். பார்த்து முடித்ததும் துணியை அவிழ்த்து, அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.